641 எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார மாணவர் பக்கத்தில் 4,29,49,67,297 என்ற எண்ணைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா அதைப் பகா எண் என்று நம்பியதையும், அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டியதையும் குறிப்பு சரியாகவே சொல்கிறது. ஆனால் 641ஐ அவர் எப்படிப் பிடித்தார் என்ற வழியை விட்டுவிட்டதால், படிக்கும் பிள்ளைகள் அது மேதைகளுக்கு மட்டுமே வாய்க்கும் வித்தை என்று எண்ணிவிடுவார்களே என்று கவலைப்படுகிறேன்.

சதுரங்கக் கட்டங்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று நெல் வைக்கும் கதையில், 33ஆம் கட்டத்து நெல்லோடு ஒரு மணியைக் கூட்டினால் கிடைப்பதே இந்த எண். அதாவது 2³² + 1. இதன் வர்க்கமூலம் 65,536ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 6,542 பகா எண்கள் இருப்பதால், ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கப் புறப்பட்டவர் களைத்துப் போவார். ஆய்லரோ, இதற்குக் காரணி இருந்தால் அது 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகவே இருக்க வேண்டும் என்று கண்டார். அந்த வரிசையில் உள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

நான் பணியில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கரும்பலகையில் இந்த ஐந்தையும் வகுத்துப் பார்த்தாள். கடைசியில் ஈவு 67,00,417, மீதி பூஜ்யம் என்று அவள் எழுதியதும் வகுப்பே எழுந்து நின்றது.

வகுக்காமலும் இதை நிறுவலாம் என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு. 641 = 5 × 2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷ என்பது 641ஐவிட ஒன்று குறைவு; அதாவது 641ஆல் வகுத்தால் மீதி −1 எனலாம். எனவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸க்கு மீதி 1, அதாவது 5⁴ × 2²⁸ − 1 என்பது 641ஆல் வகுபடும். இரண்டாவதை 2²⁸ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² என்பதும் வகுபடுகிறது. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 2³² + 1 மிஞ்சுகிறது.

மாணவர் பக்கத்தில் இத்தகைய எண்களைப் பற்றி எழுதும்போது, விடையோடு அதற்கான செய்முறையையும் அச்சிட வேண்டுகிறேன். 2³² + 1இல் உள்ள அடுக்கை இரட்டிப்பாக்கினால் வரும் அடுத்த எண்ணான 2⁶⁴ + 1க்கு 2,74,177 என்ற காரணியை 1880இல், தம் 82ஆம் வயதில், லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் கண்டார். அந்தக் காரணியில் 1ஐக் கழித்தால் அது 256ஆல் வகுபடுமா என்று பார்க்கச் சொல்லி, வரும் வாரப் புதிராகவே கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்