மிருகத்தனம் யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில், தெருநாயைக் கட்டையால் அடித்துக் குற்றுயிராக்கிய ஒருவரைப் பற்றிய செய்திக்கு 'மிருகத்தனமான தாக்குதல்' என்று தலைப்பிட்டிருந்தீர்கள். அடித்தவன் மனிதன், அடிபட்டது மிருகம். பழி மட்டும் மிருகத்துக்கா?

ஆங்கிலத்தின் 'புரூட்டல்' தான் இப்படித் தமிழாகியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சொல்லின் வேரில் மிருகமே கிடையாது. இலத்தீனில் 'புரூட்டஸ்' என்றால் கனமானது, அப்புறம் மந்தமானது, மண்டையில் எதுவும் ஏறாதது. ரோமில் கொடுங்கோல் மன்னனிடம் உயிர் தப்ப ஒருவர் அசடுபோல நடித்தார், அதனால் அவருக்கு அந்தப் பெயர் வந்தது என்பது அவர்களின் பழங்கதை. கி.மு. 509இல் மன்னராட்சியை ஒழித்ததாகச் சொல்லப்படுபவர் அவர்தான். சீசரைக் குத்தியவர் வேறு, பல நூற்றாண்டு பிந்தியவர். பகுத்தறிவு இல்லாதது என்ற பொருளில் சொல் விலங்கின் மேல் போய் ஒட்டியது. கொடுமை என்ற பொருள் ஆங்கிலத்தில் ஏறியது 17ஆம் நூற்றாண்டில்தான்.

சமஸ்கிருதத்தின் 'குரு'வும் இதே வேர் என்கிறார்கள் மொழியியலார். அதற்கும் கனமானது என்றே பொருள். ஒரே கனம் இங்கே வாத்தியாராயிற்று, அங்கே மடையனாயிற்று. (மாலைத் தமிழ் வகுப்பில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.)

பிரெஞ்சு புழங்கும் மொரீஷியசில் நமக்கு இது புதிதும் அல்ல. என் பேத்தி முதல் மாதச் சம்பளச் சீட்டை நீட்டி, "சலேர் ப்ரூட் இவ்வளவு தாத்தா, கைக்கு வந்தது இவ்வளவுதான்" என்று முகத்தைச் சுளித்தாள். பிடித்தம் போகாத மொத்தச் சம்பளத்துக்குத்தான் அந்தப் பெயர். அதில் எந்த மிருகம் இருக்கிறது?

"மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்கிறது தொல்காப்பியம். மனித உருவில் இருந்தும் ஆறாம் அறிவு இல்லாதவரை மாக்கள் என்று விலங்கோடு சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் குறை அறிவில்தான், பல்லிலும் நகத்திலும் அல்ல.

மிருகம் என்ற சொல்லுக்கோ மான் என்றும் பொருள் உண்டு. மிருகசீரிடம் என்றால் மான் தலை. 1639இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்களின் வழிவந்தவை இன்றும் நம் காடுகளில் திரிகின்றன. ஆள் அரவம் கேட்டாலே ஓடிவிடும் சாதி. அதன் பேரைச் சொல்லியா ஒரு முரடனைத் திட்டுவது?

அடுத்த முறை 'கொடூரத் தாக்குதல்' என்றே போடுங்கள் ஐயா. நான்கு எழுத்து மிச்சமும்கூட.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்