லண்டனில் இருக்கும் மகளுக்கு, இரண்டு மணிக்கூடுகள் பற்றி

யாழ்ப்பாணம்.

அன்பின் மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம்.

நீ அனுப்பிய இரண்டு மணிக்கூட்டின் படங்களையும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "புத்தி ரோலெக்ஸை எடு எண்டு சொல்லுது, மனம் மற்றதை விடமாட்டன் எண்டு நிக்குது, நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ அப்பா" என்று எழுதியிருந்தாய். வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் பெரியகடைப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து, ஊரார் மணிக்கூட்டையெல்லாம் கழட்டிப் பூட்டின மனிசனிடம் மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டால் அது இரண்டு வரியில் நிற்குமா? அதுதான் கடதாசி எடுத்தேன்.

முதலில் உன் புத்தியின் பக்கம். ரோலெக்ஸின் டேட்ஜஸ்டைக் குறை சொல்ல என்னால் முடியாது. தானாகச் சாவி ஏறுகிற கைமணிக்கூட்டில் திகதியை ஒரு சின்ன ஜன்னலில் காட்டினது 1945இல் வந்த அந்த டேட்ஜஸ்ட்தான். நீ பார்த்திருக்கிற 36 மில்லிமீற்றர் மாதிரிக்குள் ஓடுவது 3235 என்ற மெஷின். வெள்ளி இரவு கழட்டி மேசையில் வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். எழுபது மணித்தியாலம் தாங்கும். நாளொன்றுக்கு இரண்டு செக்கன் கூடலாம் அல்லது குறையலாம், அதற்கு மேல் இல்லை என்று கொம்பனி உறுதி கொடுக்கிறது. நூறு மீற்றர் ஆழத்துக்குரிய நீர்த்தடை வேறு.

அந்த நீர்த்தடைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1926இல் முதுகு மூடி, சாவிக் குமிழ் எல்லாம் திருகி இறுக்குகிற கூட்டை ரோலெக்ஸ் கொண்டுவந்தது. சிப்பி மாதிரி மூடிக்கொள்வதால் அதற்கு ஒயிஸ்டர் என்று பெயர். அடுத்த வருடம் மேர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். குளிர் தாங்கமுடியாமல் அவளைப் பாதியில் தூக்கினார்கள். மணிக்கூடு நிற்கவில்லை. கொம்பனி அதைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விளம்பரமாகப் போட்டது. அந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக்கு நீரிணையை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்குமாக நீந்தின அந்த மனிசன், 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயில்தான் உயிரை விட்டார். அவர் நீந்தினதற்கு ஒரு கொம்பனியும் விளம்பரம் போட்டதாக நான் அறியவில்லை. சரி, அது வேறு கதை.

இப்போது மற்றது. ஜேகர் லெகூல்ட்ர என்ற சுவிஸ் கொம்பனியின் ரிவெர்ஸோ. படத்தைப் பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. என் மகள் வேறு எதைத்தான் பார்த்திருப்பாய்! இந்தியாவில் இருந்த பிரித்தானிய அதிகாரிகள் போலோ விளையாடும்போது மணிக்கூட்டுக் கண்ணாடி உடைந்து உடைந்து போனதால், முகத்தை உள்ளே திருப்பி இரும்பு முதுகை வெளியே காட்டுகிற மாதிரிச் செய்த மணிக்கூடு அது. 1931இல் வந்தது. இன்றைக்கு அதைக் கட்டுகிற ஒருத்தரும் குதிரை ஏறப்போவதில்லை. ஆனாலும் விரலால் ஒரு பக்கம் தள்ளித் திருப்பும்போது சறுக்கிக்கொண்டு போய் 'டிக்' என்று பூட்டுகிற அந்தச் சத்தத்துக்காகவே வாங்குவார்கள். நீ சின்னதில் கடையில் வந்திருந்து, மேசை மணிக்கூட்டின் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி என்னிடம் ஏச்சு வாங்கினவள்.

அதன் குறைகளையும் சொல்லவேண்டும். சாவி நீதான் கொடுக்கவேண்டும், நாற்பது மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட ஓடும். ரோலெக்ஸ் செக்கனுக்கு எட்டுத்தரம் அடிக்கும், இது ஆறுதரம். காதில் வைத்துக் கேட்டால் ஆறு அடி கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்பது என் கட்சி, ஆனால் நேரம் பிடிக்கிறதில் எட்டு அடிக்குத்தான் வசதி. நீர்த்தடை முப்பது மீற்றர் என்று எழுதியிருக்கும். அதை நம்பி முப்பது மீற்றரில் முங்காதே. அது ஆய்வுகூடத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்க்கிற அழுத்தத்தின் கணக்கு. வட்டக் கூட்டுக்கு ரப்பர் வளையத்தைச் சுற்றிவரச் சமமாக இறுக்கலாம், நாலு மூலை உள்ள கூட்டுக்கு அது சிரமம். மழைத்தூறல் பட்டால் ஒன்றும் ஆகாது. கோப்பை கழுவ, குளிக்க, இங்கே வந்தால் கீரிமலைக் கேணியில் இறங்க, அதைக் கழட்டி வைக்கத்தான் வேண்டும்.

ஆக, தண்ணீர், ஓட்டம், நேரம் மூன்றிலும் ரோலெக்ஸ்தான் முன்னுக்கு. இதோடு கடிதத்தை முடித்தால் நீயும் புத்தி சொன்னபடி நடந்துவிடுவாய். ஆனால் உன் கடிதத்தில் புத்தி என்ற பெயரில் வேறு இரண்டு விஷயமும் இருந்தன. ஒன்று, "திருப்பி வித்தாலும் நட்டம் வராது". மற்றது, "ரோலெக்ஸ் எண்டால் எல்லாருக்கும் தெரியும்".

விற்கிற கதையை எடுப்போம். ரோலெக்ஸ் விலையை வைத்திருக்கும், ரிவெர்ஸோ கடையை விட்டு வெளியே வந்தவுடன் விலை குறையும். உண்மை. 2021, 2022இல் பழைய ரோலெக்ஸ் கடை விலையைத் தாண்டி எங்கேயோ போனதும் உண்மை, பிறகு அது இறங்கினதும் உண்மை. ஆனால் பிள்ளை, நீ விற்கப் போகிறாயா? விற்கப் போகிறாய் என்றால் மணிக்கூடு ஏன்?

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நீ கைக்குழந்தை. சாவகச்சேரியில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் அருமையான சுவிஸ் மணிக்கூடு, மூடியைத் திறந்து பார்த்தால் கண் எடுக்க மனம் வராது. பால்மா வாங்கக் காசு வேண்டும் என்றார். நான் நாலு இடம் கொண்டு திரிந்தேன். ஒருத்தரும் வாங்கவில்லை. அன்று பின்னேரமே அவருடைய மனைவியின் மோதிரம் நிறை பார்த்து விலை போனது. தங்கம் நிறையில் விலை போகும், மணிக்கூடு விருப்பத்தில்தான் விலை போகும். விருப்பமுள்ள ஆள் எதிரில் நிற்கவேண்டும், அவர் கையில் காசும் இருக்கவேண்டும். லண்டனில் அப்படி ஒரு நாள் வராது என்று நீ சொல்வாய், வரவும் வேண்டாம். சேமிப்புத்தான் நோக்கம் என்றால் அம்மா சொல்கிறபடி ஒரு சோடி காப்புச் செய். அம்மா இந்த விஷயத்தில் என்னைவிடத் தெளிவு. நீ மணிக்கூடு வாங்கப் போவதை அவவுக்குச் சொல்லிவிட்டேன், விலையைச் சொல்லவில்லை. "அரைப் பவுண் காசு வரும்" என்று சும்மா சொல்லி வைத்திருக்கிறேன். அவ கேட்டால் நீயும் அதையே சொல்லு.

அடுத்தது, எல்லாருக்கும் தெரியும் என்பது. அங்கே உங்கள் கலியாண வீடுகளில் ஆர் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிற கண்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். இங்கேயும் இருக்கின்றன. எண்பதுகளில் சவூதியிலிருந்து வந்தவர்கள் சீக்கோ 5ஐக் கட்டிக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டுத் திரிந்ததை நான் பார்த்தவன்தான். பிழை என்று சொல்லமாட்டேன், உழைத்த காசு. ஆனால் அதைப் புத்தி என்ற கணக்கில் எழுதாதே. அது ஊரின் கண். தெருவில் மணிக்கூடு பறிக்கிற செய்தி லண்டனிலிருந்து அடிக்கடி வருகிறதே, பறிக்கிறவனுக்கும் ரோலெக்ஸைத்தான் தெரியும் என்பதைப் புத்திக்காரி நீ யோசித்தாயா?

இனி இரண்டு செக்கன் கணக்கு. 1996இல் மே மாதம் அரசாங்கம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைப் பின்னுக்கு இழுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. வன்னிக்கூடாகப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு முகமாலைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அரை மணித்தியாலம் மாறும். கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர்களிடம் "பழைய நேரமோ, புது நேரமோ" என்று கேட்டுத்தான் முகூர்த்தத்தைக் குறிப்போம். 2006 ஏப்ரலில்தான் எல்லாம் ஒன்றானது. அந்தப் பத்து வருடமும் என் மேசையில் செக்கன் தப்பாமல் ஓடின மணிக்கூடுகள் இருந்தன. எந்த நேரத்துக்குச் சரியாக ஓடின என்று கேட்டால் பதில் இல்லை. உன் கையில் போன் இருக்கிறது. நேரம் அதில் பார்ப்பாய். ஆகவே இரண்டு செக்கனுக்காக ஒன்றை எடுக்காதே.

சாவி கொடுக்கிறது கரைச்சல் என்றும் எழுதியிருந்தாய். அதில் எனக்குக் கொஞ்சம் கோபம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றறியும் தடைப்பட்ட சாமான்களில் ஒன்று. றேடியோவுக்கு சைக்கிள் டைனமோவைச் சுற்றின காலம். பற்றறி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றன, நல்ல நல்ல மணிக்கூடுகள். கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள், நான் கையை விரிப்பேன். பிறகு சனம் அலுமாரிக்குள் கிடந்த அப்புவின் மணிக்கூட்டை, மாமாவின் மணிக்கூட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தது. எண்ணெய் காய்ந்து களியாகிக் கிடக்கும். கழுவி, எண்ணெய் விட்டு, பூட்டிக் கொடுத்தால் ஓடும். வாத்திமார், தாதிமார், வைரவர் கோயில் ஐயர் எல்லாரும் காலமை எழும்பி முதல் வேலையாகக் குமிழைத் திருகினார்கள். ஒருத்தரும் கரைச்சல் என்று சொல்லி நான் கேட்டதில்லை. காலமை தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் முடிகிற வேலை.

ஆனால் ஒன்று. நீ கரைச்சல் என்று எழுதினது உண்மையிலேயே உன் சுபாவம் என்றால், ரிவெர்ஸோ லாச்சிக்குள் நின்றுபோய்க் கிடக்கும். அப்படியென்றால் ரோலெக்ஸை எடு, நானும் சந்தோஷப்படுவேன். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கடைக்கு வேலை நாளில், வேலைக்குப் போகிற உடுப்போடு, தனியாகப் போ. மருமகனைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவர் நல்லவர், ஆனால் நீ எதை எடுத்தாலும் நல்லது என்று சொல்வார். முதலில் டேட்ஜஸ்டைக் கட்டு. பிறகு மற்றது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வா. ஒரு கிழமை கழித்து எனக்கு எழுது, எதன் முகத்தில் முள்ளு எப்படி இருந்தது, எழுத்து எந்த வடிவில் இருந்தது என்று. ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவாய், மற்றதைப் பற்றி "வடிவாத்தான் இருந்தது" என்பாய்.

எனக்கு இப்போதே தெரியும் எதைப் பற்றி ஒரு பக்கம் வரும் என்று. அனுப்பின படங்களில் டேட்ஜஸ்டுக்கு ஒரு படம், அதுவும் கடைக்காரருடைய விளம்பரப் படம். ரிவெர்ஸோவுக்கு நீயே எடுத்த ஆறு படம், ஒன்றில் உன் விரல் பாதி மறைக்கிறது.

எடுத்தால் கடனில் எடுக்காதே. அனுமதி பெற்ற கடையிலேயே எடு, உத்தரவாதக் கடதாசியில் திகதியும் இலக்கமும் சரியோ என்று நின்று பார். சேர்விஸுக்கும் அங்கேதான் கொடுக்கவேண்டும். இந்தப் பெரிய கொம்பனிகள் உதிரிப்பாகத்தை வெளியாட்களுக்குக் கொடுப்பதில்லை, நான் ஆசைப்பட்டாலும் கை வைக்க முடியாது. சில வருடத்துக்கு ஒருமுறை அந்தச் செலவு வரும், கொஞ்சக் காசில்லை, அதற்கும் இப்போதே ஒதுக்கி வை.

திருப்பினால் தெரிகிற அந்த வெறும் முதுகில் பெயர் வெட்டலாம் என்றும், வெட்டினால் விலை குறையும் என்றும் எழுதியிருந்தாய். வெட்டு. வெட்டின பிறகு விற்கிற யோசனை வராது, உன் புத்திக்கும் அந்த வேலை மிச்சம். என் பெயரை வெட்டுவேன் என்று மட்டும் நிற்காதே, உன் பெயர் போதும்.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் தோல் வாரோடு வராதே. இங்கத்தை வேர்வைக்கு அது ஒரு கிழமையில் நாறத் தொடங்கும். சீலை வார் ஒன்று நான் இங்கே வெட்டித் தைப்பித்து வைக்கிறேன். வார் பூட்டுகிற இடத்தின் அகலத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுது, கடைக்காரரைக் கேட்காமல் நீயே அளந்து எழுது.

அன்புடன்,
அப்பா