பாத்ரூம் சத்தம் ஹாலுக்கு கேக்குதா? ஃபோம் வாங்குறதுக்கு முன்னாடி இத படிங்க

நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் ஒரு அம்மா வந்து சுவத்துல ஒட்டுற ஃபோம் ஷீட் இருக்கான்னு கேட்டாங்க. எதுக்கும்மான்னு கேட்டா, ஹால ஒட்டியே பாத்ரூம், விருந்தாளி யாராச்சும் உக்காந்திருந்தா மாமியார் கூச்சப்பட்டு பாத்ரூமே போகாம அடக்கிக்கிட்டு இருக்காங்கன்னு சொன்னாங்க. மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. ஆனா ஃபோம் அந்த வேலைக்கு ஆகாதுங்க, ரூமுக்குள்ள எதிரொலிய குறைக்குமே தவிர வெளிய போற சத்தத்த தடுக்காது, அதான் எல்லாருக்கும் சேத்து எழுதுறேன்.

ராத்திரி ஹால் லைட்ட அணைச்சுட்டு பாத்ரூம் லைட்ட மட்டும் போட்டு கதவ சாத்திட்டு வெளிய நின்னு பாருங்க. வெளிச்சம் எங்க கசியுதோ அங்கதான் சத்தமும் வரும். பெரும்பாலும் கதவுக்கு அடியில ஒரு கோடு தெரியும். 30 இன்ச் கதவுக்கு அரை இன்ச் சந்துன்னா 15 சதுர இன்ச், கதவுல உள்ளங்கை அளவு ஓட்டை போட்டு வச்ச மாதிரி. அடியில ரப்பர் பட்டை, நிலைய சுத்தி மூணு பக்கமும் கேஸ்கெட் (சந்த மூடுற மெல்லிசு பட்டை), இத ஒட்டினாலே நல்லா வித்தியாசம் தெரியும். அப்புறம் கதவ தட்டிப் பாருங்க, உள்ள காலியா டொப்பு டொப்புன்னு கேட்டா அது லேசான பிவிசி கதவு, சத்தத்த நிறுத்துறது கனம்தான், மாத்துற எண்ணம் இருந்தா சாலிட் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செஞ்சது) கதவா போடுங்க, தண்ணி பட்டாலும் ஊறாது.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு கேளுங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்தா சந்த அடைக்கவே அடைக்காதீங்க. காத்து பத்தாம கார்பன் மோனாக்ஸைடு சேந்துரும், வாசனையே இருக்காது, உயிருக்கே ஆபத்து. மொதல்ல கீசர வெளிய மாத்துங்க, கதவ அப்புறம் பாத்துக்கலாம். மத்த வீட்டுலயும் வெளிப்பக்கத்து வென்டிலேட்டர அடைக்க வேணாம்.

ஃப்ளஷ் டேங்க் ரொம்பும்போது விசில் அடிச்சா ஆங்கிள் காக்க (டேங்குக்கு தண்ணி வர்ற சுவத்து டேப்ப) கொஞ்சம் குறைச்சு வைங்க, அப்பவும் நிக்கலன்னா உள்ள இருக்குற வால்வ மாத்தணும். பக்கெட்டுல தண்ணி விழுற சத்தத்துக்கு டேப்புல ஒரு ட்யூப மாட்டி அடி வரைக்கும் விட்டா போதும்.

புதுசா வீடு கட்டுறவங்க டாய்லெட் லைனுக்கு பிவிசி பைப்புல கனமான டைப் பி பைப்தான் போடணும். 110 எம்எம்ல டைப் ஏ சுவர் 2.2 எம்எம், டைப் பி 3.2. டைப் ஏ மழைத்தண்ணிக்கும் வென்ட்டுக்கும் (காத்து போற குழாய்க்கும்) உள்ளது, விலை கம்மின்னு அத போட்டா மேல்வீட்டு ஃப்ளஷ் உங்க பெட்ரூம்ல கொட்டுற மாதிரி கேக்கும். பைப்ப சுவத்தோட பிடிக்கிற கிளாம்ப்புக்குள்ள ரப்பர் வைக்கச் சொல்லுங்க. நாலரை இன்ச் சுவத்துக்கு ஹால் பக்கம் ராக்வூல் (கல்லுல செஞ்ச பஞ்சு மாதிரி நார்) வச்சு ஜிப்சம் போர்டு அடிக்கலாம், செலவு ஜாஸ்தி, அதனால கடைசியா பாருங்க.

அந்த அம்மாவுக்கு அடிப்பட்டையும் கேஸ்கெட்டும் மட்டும்தான் குடுத்தோம். நீங்க வரும்போது கதவு அகலத்தையும் அடிச்சந்தையும் அளந்துட்டு வாங்க, முடிஞ்சா மொபைல்ல ஒரு போட்டோவும்.