காயம்பட்ட எதிரியும் ‘நாளை வா’வும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த போர் அறம் பற்றிய கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவரின் நோக்கம் நல்லது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘இன்று போய் நாளை வா’ என்று ராமன் ராவணனை அனுப்பிவைத்ததில் ஆரம்பித்து, போரில் காயம்பட்டவர்களையும் பிடிபட்டவர்களையும் காக்க நாடுகள் செய்துகொண்ட ஜெனீவா உடன்படிக்கைகள் கேட்பதும் அதே பெருந்தன்மையைத்தான் என்று முடித்திருக்கிறாரே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ராவணன் அன்று ஆயுதம் இழந்து நின்றான், குற்றுயிராய்க் கிடக்கவில்லை. சரி, அதை விடுங்கள். யாரையும் நாளை வரச்சொல்லி அனுப்பும்படி ஜெனீவா சட்டத்தில் எங்கும் இல்லை. அடிபட்டு எதிரியிடம் சிக்கிய வீரன் போர்க்கைதி. பொதுவாகச் சண்டை ஓயும்வரை அவனைக் காவலில் வைத்திருக்கலாம். ஆனால் சண்டை போட முடியாமல் விழுந்தவனைச் சுடக் கூடாது. தேடி எடுத்து வர வேண்டும். தன் ஆளுக்குப் பார்க்கிற வைத்தியத்தையே அவனுக்கும் பார்க்க வேண்டும். (விழுந்த பிறகும் துப்பாக்கியை விடாமல் சுடுகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.) பிழைக்க வைத்தால் நாளைக்கு நம்மையே சுடுவானே என்று கேட்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ராமனுக்கு மனம் வந்தது, அனுப்பினான். மனம் வராதவன் கையில் அகப்பட்டவனுக்குச் சட்டத்தை விட்டால் வேறு நாதி ஏது?

1949-ஆம் ஆண்டின் முதலாம் உடன்படிக்கை, 12-வது பிரிவில் உள்ள ஒரு வரியைக் கட்டுரையாளர் விட்டுவிட்டார். யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரத்தை மட்டும் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது அந்த வரி. தன் சிப்பாய்க்குக் கை முறிவு, எதிரிக்கு வயிற்றில் குண்டு என்றால் எதிரியைத்தான் முதலில் ஆபரேஷனுக்கு எடுக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையின் கேசுவல்டியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்களுக்கு இது அன்றாடப் பாடு. சனிக்கிழமை ராத்திரி குத்துப்பட்டவனும் வருவான், குத்தினவனும் வருவான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று நிறம் பிரிப்பது காயத்தைப் பார்த்துத்தான். போலீஸ் காவலில் வருகிறவனின் கணுக்காலைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு மாட்டியிருப்பார்கள். ட்ரிப் ஏற ஏறச் சிலருக்குக் கால் வீங்கி விலங்கு இறுகிவிடும். பாதம் சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுக் காவலரிடம் மல்லுக்கு நிற்போம். விலங்கைக் கழற்ற மாட்டார். கழற்றவும் வேண்டாம், அடுத்த காலுக்கு மாற்றினால் போதும். அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்பது கோர்ட்டு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அப்புறம் நம் டர்பன் இருக்கிற நேட்டால் பகுதியின் சரித்திரம். 1906-இல் ஆங்கிலேய ஆட்சியின் தலைவரியை எதிர்த்து ஜூலு மக்களிடையே வெடித்த பம்பாத்தா கிளர்ச்சியின்போது, போரில் காயமடைந்த ஜூலு வீரர்களைக் காந்தியின் தூக்குப்படுக்கைப் படை சுமந்ததாகக் கட்டுரையில் இருக்கிறது. காந்தியே எழுதிவைத்திருப்பது வேறு. அவர்கள் பொறுப்பில் வந்த ஜூலுக்கள் போரில் அடிபட்டவர்கள் இல்லை. ஒரு பகுதியினர் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டுக் கசையடி வாங்கியவர்கள். கவனிப்பாரில்லாமல் அந்தப் புண்கள் சீழ் வைத்திருந்தன. மற்றவர்கள் அரசுப் பக்கம் நின்றும் தவறுதலாகச் சுடப்பட்டவர்கள். வெள்ளைக்காரர்கள் யாரும் அந்தப் புண்களைத் தொட முன்வரவில்லை. கம்பி வேலிக்கு அப்பால் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள், எங்களையும் தடுக்கப் பார்த்தார்கள் என்கிறார் காந்தி. இருபத்துச் சொச்சம் பேர் கொண்ட அந்தப் படையில் நான்கு குஜராத்திகளையும் ஒரு பட்டாணியரையும் தவிர மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியத் தொழிலாளர்கள். நம் விழா மேடைகளில் காந்தி பெயர் வருகிற அளவுக்கு இவர்கள் பேச்சு வருவதில்லை. படை போனது ஆங்கிலேயர் பக்கம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதற்கு ஏழு வருஷத்துக்கு முன்னால், இங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களோடு பிரிட்டன் நடத்திய போரில் நிலைமை வேறு. பிரிட்டனும் 1864-இன் முதல் ஜெனீவா உடன்படிக்கையில் இருந்தது, இரண்டு போயர் குடியரசுகளும் இருந்தன. எந்த நாட்டானாக இருந்தாலும் காயம்பட்டவனை எடுத்துப் பராமரிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. நேட்டாலில் ஸ்பியோன் கோப் குன்றுச் சண்டையில் விழுந்த போயருக்கு அந்தச் சட்டம் இருந்தது. கசையடி பட்ட ஜூலுவுக்கு இல்லை, ஏனென்றால் அவன் எந்த அரசின் சிப்பாயும் இல்லை, ‘கலகக்காரன்’. இங்கே காந்தியின் படை புண் கழுவிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1906 ஜூலை 6 அன்று, ஜெனீவாவில் புதிய உடன்படிக்கை கையெழுத்தானது. அதுவும் அரசுகளுக்கு இடையிலான போருக்குத்தான். உள்நாட்டுச் சண்டையில் விழுந்தவனையும் எடுத்துப் பராமரிக்க வேண்டும் என்பது 1949-இல், நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவில்தான் வந்தது.

நம் தென்னாப்பிரிக்காவின் பிற்காலக் கதையும் கட்டுரையில் இல்லை. 1980-இல் ஆலிவர் டாம்போ ஜெனீவாவுக்குப் போய், இந்த உடன்படிக்கைகளுக்குக் கட்டுப்படுவோம் என்று, தான் தலைமை தாங்கிய, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் சார்பில் எழுதிக் கொடுத்தார். எதிர்ப்பக்கத்தில் இருந்த நிறவெறி அரசோ பிடிபட்ட போராளிகளைப் போர்க்கைதிகளாக ஏற்காமல் தூக்கு வரைக்கும் அனுப்பியது. உடன்படிக்கைகளைக் கடுமையாக மீறுவதை இங்கேயே வழக்குப் போட்டுத் தண்டிப்பதற்கென்றே தனிச் சட்டம் 2012-இல்தான் வந்தது.

ஒரு வேண்டுகோள். அந்தப் பொதுவான மூன்றாம் பிரிவு ஒரு பக்கம்கூட வராது. அடுத்த இதழில் அதைத் தமிழில் முழுசாகப் போடுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்