பலகை பிரிந்த கதை

அன்புள்ள முருகேசு,

முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம், சமையலறையைத் தவிர.

சிங்குக்குக் கீழே இருந்த கப்போர்டு ஞாபகம் இருக்கிறதா? ‘வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் சார்’ என்று சத்தியம் செய்து போட்டுக்கொடுத்தது. கழிவுக்குழாய் மூட்டில் கசிவு, எத்தனை மாதமோ. மேலே மைக்கா பளபளவென்று இருந்ததால் சந்தேகமே வரவில்லை. போன வாரம் எதேச்சையாக விரலை மடக்கித் தட்டினேன். நல்ல இடத்தில் ‘டக் டக்’, குழாய்க்கு ஓட்டை போட்ட இடத்தைச் சுற்றி ‘தொப் தொப்’. விமானத்தின் அடுக்குப் பாகங்களையும் இப்படித்தான் காசால் தட்டிப் பார்ப்பார்கள். கத்தி நுனியால் நெம்பினால் நனைந்த நோட்டுப் புத்தகம் மாதிரி தாள் தாளாகக் கையோடு வந்துவிட்டது. மரம் உளுக்கவில்லை, பசை விட்டிருக்கிறது.

மரத்தகடு ஈரத்தில் ரேகைக்கு, அதாவது மரத்தின் நார் ஓடும் திசைக்கு, குறுக்கேதான் உப்பும். ரேகை வாக்கில் அசைவு இல்லையென்றே சொல்லலாம். பிளைவுட்டில் ஒரு தகடு நெடுக்கு, அடுத்தது குறுக்கு. பலகை கோணாமல் நிற்பது அதனால்தான். ஆனால் நனைந்து காயும் ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் இழுக்க, அடி வாங்குவது நடுவில் இருக்கும் பசை. அது யூரியா பசையாக இருந்தால் ஈரமும் சூடும் சேர்ந்து சிதைத்தே விடும். ஃபீனால் பசை தாங்கும். ஆசாரி ஓட்டை போட்ட விளிம்பை மொட்டையாக விட்டுவிட்டார். தண்ணீர் நுழைந்த வாசல் அதுதான்.

ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் போட்ட, தண்ணீர் தாங்கும் பலகையை 72 மணி நேரம் கொதிக்கவைத்துச் சோதிக்க வேண்டும் என்பது விதி. நானும் பழைய பலகையில் நல்ல துண்டு ஒன்றையும், கடையில் கேட்டு வாங்கிய புதுத் துண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டு அடுப்பேற்றினேன். பழையது மதியத்துக்குள் வாயைப் பிளந்தது. புதியது, பசைக்கோடு கறுப்பாகத் தெரியுமே அந்த ரகம், இரவு எட்டு மணிக்கும் அசையவில்லை. அதற்கு மேல் கேஸ் செலவு பற்றி வீட்டில் பேச்சு வந்ததால் இறக்கிவிட்டேன்.

புதுப் பலகை நேற்று வந்தது. அறுத்த விளிம்பிலெல்லாம் நானே இரண்டு கோட் பெயின்ட் அடித்துவிட்டேன், ஆசாரிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். உன் வீட்டு சிங்க் அடியிலும் ஒருதரம் தட்டிப் பார்த்து எழுது.

அன்புடன்,
ராமு