வெள்ளவத்தை அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொள்ளும் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் கட்டடத்தில் எத்தனை வீடுகளில் வயதான ஒருவர் தனியாக இருக்கிறார்? மெயின்டனன்ஸ் காசு கட்டாத வீடுகளின் பட்டியல் உங்களிடம் கட்டாயம் இருக்கும். தனியாக இருப்பவர்களின் பட்டியல் இருக்கிறதா?

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். அம்மா கொழும்பில், வெள்ளவத்தையில் நாலாம் மாடியில். ஏன் கூப்பிட்டு வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்கள் அம்மாவிடமே கேட்கட்டும். குளிரும் வேண்டாம், எல்லோரும் வேலைக்குப் போன வீட்டில் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதும் வேண்டாம் என்பார். கோயிலும் மீன்காரரும் மார்க்கெட்டும் நடை தூரத்தில் இருக்கும் ஊரை விட்டு அவர் வரமாட்டார். சரி, அது அவருடைய முடிவு.

இங்கிருந்தபடியே எவ்வளவோ செய்யலாம். டொக்டரைச் சனல் பண்ணலாம் (பார்க்க நேரம் பதியலாம்), மருந்தை வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம், இரத்தம் எடுக்க ஆளை வரவழைக்கலாம், சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்யலாம். ஆனால் அம்மா விழுந்தால் முதல் கால் மணி நேரத்துக்குள் கதவடிக்கு ஆள் வரவேண்டும். அதை இங்கிருந்து என்னால் செய்ய முடியாது. உங்களால் முடியும்.

மழைக்கால இரவொன்றில் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மா, கையிலிருந்த போனில் முதலில் அழைத்தது என்னைத்தான். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை வெளிநாட்டிலிருந்து நேரே அடிக்க முடியாது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மச்சானை எழுப்பி அவர்மூலம் கூப்பிட்டேன். அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தது. தாமதமெல்லாம் கேற்றுக்கு உள்ளேதான். புதிதாக வந்த செக்கியூரிட்டிக்கு எந்த வீடென்று தெரியவில்லை, யாரைக் கேட்பதென்றும் தெரியவில்லை. வீட்டுத் திறப்பு பக்கத்து வீட்டில் இருந்தது, ஆனால் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்துத் திறந்த பிறகு பார்த்தால் ஸ்ட்ரெச்சர் லிஃப்டுக்குள் நுழையவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித்தான் படியால் இறக்கினார்கள். எலும்பு முறியவில்லை, அம்மா தேறிவிட்டார். கட்டடத்தின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன, பக்கத்துக் கட்டடத்திலும் இதே லிஃப்ட்தான்.

இது குடும்பத்து விஷயம், கமிட்டியின் வேலை இல்லை என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிக்கும் கடமையைப் பிள்ளைகள் மேல்தான் வைக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 1973 ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுச் சொத்து உங்கள் பொறுப்பில் இருக்கிறது. கேற், லிஃப்ட், படிக்கட்டு, ஜெனரேட்டர், காவலாளி. அன்றிரவு அம்மாவுக்கான உதவி தடைப்பட்ட இடங்களில் அந்தத் தாழ்ப்பாளைத் தவிர மற்றதெல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. தாழ்ப்பாளை நான் கழற்றுவித்துவிட்டேன்.

நோட்டீஸ் விஷயத்தையும் சொல்லவேண்டும். தண்ணீர் நிற்கும், லிஃப்ட் திருத்தவேலை என்றெல்லாம் கீழே பலகையில் ஆங்கிலத்தில் ஒட்டுகிறீர்கள். கீழே இறங்காத ஒருவர் அதை எப்படிப் பார்ப்பார்? அதைத் தமிழில் எழுதி ஒரு படமெடுத்து எங்களுக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள். அம்மாவுக்குப் போனில் சொல்லி, வாளிகளை நிரப்பி வைக்கச் செய்வோம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதே, அப்போது மேல்மாடிகளில் இருந்த வயதானவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று எந்தக் கமிட்டியாவது கேட்டுப் பார்த்ததா?

அப்புறம், பராமரிக்க வரும் பெண்கள். எங்கள் அம்மாவைப் பார்ப்பவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். நீரிழிவு ஊசி போடுவார், பிரஷர் பார்ப்பார், அம்மாவின் கோபத்தையும் தாங்குவார். அவரைக் கேற்றில் நிறுத்தி ஒவ்வொரு நாளும் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் "வேலைக்கு வாற ஆக்கள் படியால போகலாம்தானே" என்று ஒரு அன்ரி சொன்னாராம். அவருக்கு முன் வந்தவர் இதனால்தான் நின்றுபோனார், சம்பளத்தால் அல்ல. பராமரிப்புப் பயிற்சி எடுத்தவர்களை இஸ்ரேலும் ஜப்பானும் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்தில், கொழும்பில் ஒரு நல்ல ஆளைப் பிடித்து வைப்பதே பெரும்பாடு. அப்படிப் பிடித்த ஆளை உங்கள் கேற்றடியில் இழக்க வேண்டியிருக்கிறது. மலையகத்திலிருந்து வருபவர் என்றால் நம்மவர்களின் குரல் மாறிவிடுகிறது என்பதும் உண்மை. அவருக்கு ஒரு அடையாள அட்டை கொடுத்து, மற்றவர்களைப் போலவே உள்ளே விடுங்கள்.

உங்களை நேர்ஸ் ஆகச் சொல்லவில்லை. தனியாக இருப்பவர்களின் விபரமும் மாற்றுத் திறப்பு யாரிடம் என்பதும், விரும்பிக் கொடுப்பவர்களுடையது மட்டும், செக்கியூரிட்டி அறையில் ஒரு பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். புதுக் காவலாளி வந்தால் அதை முதல் நாளே அவருக்குக் காட்டுங்கள். படியால் ஆளை இறக்கும் மடக்குக் கதிரை ஒன்றை வாங்குங்கள். மின்சாரம் நின்றால் ஒரு லிஃப்டாவது ஓடும் அளவுக்கு ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கட்டும். செலவைப் பற்றித் தயங்க வேண்டாம். வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் என்னைப் போல வெளியில்தான் இருக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைப் போடுங்கள். ஜூன், ஜூலையில் கொழும்பு நேரம் மாலை 7 மணிக்கு வைத்தால் ரொறன்ரோவில் காலை 9.30, லண்டனில் பிற்பகல் 2.30. மெல்பேர்ன்காரருக்கு மட்டும் இரவு 11.30 ஆகிவிடும். சூம் இணைப்பை அனுப்புங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
நாலாம் மாடியில் இருக்கும் ஒரு அம்மாவின் மகள்