டாலி என்ட்ரி: குடோன், பில்லிங் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு

வணக்கம். டாலி பிரைம் (கணக்கும் சரக்கு இருப்பும் பார்க்கும் மென்பொருள்) போட்டும் குடோனில் நோட்டுப் புத்தகம்தான் ஓடுகிறது என்பவர்கள், முதலில் ஐட்டம் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆட்களைத் திட்டுவது அப்புறம்.

எஃப்9 விசையில் பர்ச்சேஸ் (கொள்முதல்) போடும்போது ஐட்டம் பெயர் கண்ணில் படவில்லை என்றால், ஆல்ட்+சி அழுத்திப் புதிதாக உருவாக்கிவிடுகிறார்கள். ‘பிவிசி பைப் 1 இன்ச்’ ஏற்கெனவே இருக்க, ‘பைப் 1 இன்ச் பிவிசி’ என்று இன்னொன்று முளைக்கும். வரவு ஒன்றில், விற்பனை மற்றதில். ஒன்று மைனஸில் நிற்கும், இன்னொன்று தேங்கிக் கிடக்கும். “டாலி தப்பு காட்டுது” என்று மறுபடி நோட்டுக்கே போய்விடுவார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்!

ஐட்டம் உருவாக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். மற்றவர்களுக்கு அதை யூசர் ரோலில் (யார் எதைச் செய்யலாம் என்ற அமைப்பில்) நிறுத்திவிடுங்கள். கடையில் பேச்சில் புழங்கும் பெயரை ‘அலியாஸ்’ (மாற்றுப் பெயர்) கட்டத்தில் ஏற்றினால் தேடும்போது உடனே வரும். ஆளுக்கொரு லாகின் கட்டாயம்.

சரக்கை எண்ணி, மாதம் 1-ம் தேதி தொடங்குங்கள். ஒரு வாரம் நோட்டு, டாலி இரண்டும் ஓடட்டும், பிறகு நோட்டை நிறுத்திவிடுங்கள். தினமும் மாலை ஏதாவது 5 ஐட்டத்தை எண்ணி டாலியின் ஸ்டாக் சம்மரியோடு (இருப்புப் பட்டியல்) ஒப்பிடுங்கள். முதலாளிகளே, இருப்பை ஆளிடம் கேட்காதீர்கள், திரையில் பாருங்கள்.